கையால் கட்டும் விமானத்தின் உள் பேனலுக்கு எந்தப் பொருள்? நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு பேர் உட்காரும் சிறு விமானத்தைச் சொந்த ஷெட்டில் கட்டுகிறவர்களுக்கான பக்கம் இது. கதவின் உள்பக்கம், பக்கச் சுவர், தரை, இருக்கைக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடம் ஆகியவற்றை மூடும் தகடுகளைத்தான் இங்கே உள் பேனல் என்கிறோம். பறக்கும்போது வரும் பளுவை இவை தாங்குவதில்லை. எல்லாம் சேர்த்து 4 சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம். உங்கள் வரைபடத்தில் அளந்து, வரும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நெருப்பை. அடுத்து நம் ஊர் வெயிலை. அதற்குப் பிறகு எடை. அழகு கடைசியில்.

காரில் வயர் கருகினால் ஓரம் கட்டி, கதவைத் திறந்து இறங்கிவிடலாம். 3,000 அடி உயரத்தில் அது நடக்காது. தரையைத் தொடும் வரை அந்தச் சின்ன அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் இரண்டு பேரும் சுவாசிக்க வேண்டும், அந்தப் புகைக்கு நடுவில்தான் ஓடுபாதையைப் பார்க்க வேண்டும். ஆகையால் பேனல் எரியுமா என்று மட்டும் கேட்டால் போதாது. எரியும்போது என்ன புகை விடும், உருகிச் சொட்டுமா என்றும் கேட்க வேண்டும்.

இன்னொன்று. கடையில் தனித் தகடாகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். விமானத்தில் ஏறுவது தகடும் பசையும் பஞ்சும் துணியும் திருகும் சேர்ந்த அடுக்கு. தனித்தனியாக நல்ல பெயர் வாங்கிய நான்கு பொருள்கள் ஒன்றாக ஒட்டியபின் மோசமாக எரிவதுண்டு. அதனால் கீழே சொல்லும் சோதனை எதுவானாலும், ஒட்டி முடித்த அடுக்கில் செய்யுங்கள்.

எந்தப் பொருள் எவ்வளவு எடை?

ஒரு சதுர மீட்டருக்குத் தோராயமாக, கிலோவில்: 1.5 மி.மீ. பிர்ச் பிளைவுட் 1.0. நடுவில் 3 மி.மீ. ஃபோம், இரு பக்கமும் ஒவ்வொரு அடுக்கு கண்ணாடி இழைத் துணி வைத்த பேனல் 1.2. 0.5 மி.மீ. அலுமினியம் 1.4. 1.5 மி.மீ. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 1.6. கடைகளில் போர்டு எழுதப் பயன்படும் 3 மி.மீ. பி.வி.சி. ஃபோம் ஷீட்டும் அதே 1.6. 1.5 மி.மீ. பாலிகார்பனேட் 1.8, கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் ஷீட் 2.0. 0.8 மி.மீ. அலுமினியம் 2.2. 3 மி.மீ. ஏ.சி.பி. (இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவில் வேறு பொருள் வைத்த ஷீட்) 3.6.

இவை வெறும் தகட்டின் எடை. அடுக்கின் எடையைக் கண்டுபிடிக்க, ஒட்டி முடித்த பேனலில் 30 செ.மீ.க்கு 30 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி, நகைக்கடைத் தராசு போன்ற கிராம் தராசில் நிறுத்து, வரும் எண்ணை 11ஆல் பெருக்குங்கள். அதுதான் ஒரு சதுர மீட்டரின் எடை. துண்டு 130 கிராம் இருந்தால் சதுர மீட்டருக்கு 1.43 கிலோ, 4 சதுர மீட்டருக்கு 5.7 கிலோ.

எடை எங்கே சேருகிறது என்பதும் முக்கியம். மொத்தம் 500 கிலோ உள்ள விமானத்தில், ஈர்ப்பு மையத்துக்கு (சி.ஜி.) 1 மீட்டர் பின்னால் 3 கிலோ சேர்த்தால் அந்த மையம் சுமார் 6 மி.மீ. பின்னால் நகரும். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் சாமான் ஏற்றியபின் சி.ஜி.க்கு அனுமதித்த பின் எல்லைக்குப் பக்கத்தில் பறக்கும் விமானத்தில் அந்த 6 மி.மீ. பெரியது. பின்புறப் பேனலை எப்போதும் மிக லேசான பொருளில் செய்யுங்கள்.

அண்ணாச்சி, கடை போர்டுக்குப் போடுத ஏ.சி.பி. ஷீட்டு பளபளன்னு நல்லாத்தான இருக்கு. அதப் போடலாமா?

வேண்டாம். இரண்டு காரணம். முதலாவது, மேலே சொன்ன எடை: சதுர மீட்டருக்கு 3.6 கிலோ, 0.5 மி.மீ. அலுமினியத்தைப் போல இரண்டரை மடங்கு. இரண்டாவது, அதன் வயிறு. மேலேயும் கீழேயும் கால் மி.மீ. அலுமினியம், நடுவில் முழுக்க பாலிஎத்திலீன். மெழுகைப் போல எரியக்கூடிய பொருள் அது. 2017இல் லண்டனில் கிரென்ஃபெல் டவர் பற்றி எரிந்தபோது தீ வெளிச்சுவர் வழியே மாடி மாடியாக ஏறியதற்கு, அங்கே பதித்திருந்த இதே வகைத் தகடுதான் முக்கியக் காரணம். தீயை எதிர்க்கும் தாது நிரப்பிய ரகமும் கிடைக்கிறது. அது இன்னும் கனம்.

ஏ.பி.எஸ்., கைடெக்ஸ், பாலிகார்பனேட், பி.வி.சி. ஃபோம் ஷீட்: பிளாஸ்டிக்கில் எது?

ஏ.பி.எஸ். வெயிலைப் பரவாயில்லாமல் தாங்கும். 85, 90 டிகிரி வரை வளையாது. ஆனால் நெருப்புப் பட்டால் தானாக அணையாது, கரும்புகை கக்கி எரியும். கைடெக்ஸ் இதற்கு நேர் எதிர். நெருப்பை எடுத்தால் அணைந்துவிடும், ஆனால் 75, 80 டிகிரியிலேயே பளுவுக்கு இளகத் தொடங்கும். அதோடு அதில் பி.வி.சி. கலந்திருப்பதால் கருகும்போது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வரும். கண்ணும் தொண்டையும் எரியும், பக்கத்தில் உள்ள உலோகமும் மின்னணுப் பலகையும் அரித்துப்போகும். பி.வி.சி. ஃபோம் ஷீட்டுக்கும் அதே ஆவி, அதே இளக்கம். கேனபி (தலைக்கு மேல் மூடும் கண்ணாடிக் கூடு) உள்ள விமானத்துக்கு அதை எடுக்கவே வேண்டாம்.

பாலிகார்பனேட் வெயில், நெருப்பு இரண்டிலும் மற்றவற்றைவிட நன்றாக நிற்கும். அதன் எதிரி பெட்ரோலும் தின்னரும். அழுக்கைத் துடைக்கத் தின்னர் துணியை ஒரு தரம் ஓட்டினால் போதும், திருகு இறுக்கிய இடங்களிலிருந்து நூல் போல விரிசல் கிளம்பும். சோப்புத் தண்ணீர் தவிர வேறெதையும் அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வாங்கும்போது கூரைக்குப் போடும் உள்ளே கூடான ஷீட்டை எடுக்காமல், கெட்டி ஷீட்டைக் கேளுங்கள்.

எங்கள் கருத்து: வளைந்த ஒன்றிரண்டு இடத்துக்கு மட்டும் பிளாஸ்டிக், மற்றதெல்லாம் அலுமினியம் அல்லது கண்ணாடி இழை.

நம் ஊர் வெயில் உண்மையில் அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆம். அக்னி நட்சத்திர நாட்களில் பாளையங்கோட்டையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் நாள் உண்டு. வாகைக்குளம் மாதிரித் திறந்தவெளியில், கேனபியை மூடி நிறுத்திய விமானத்துக்குள் கறுப்புப் பரப்பு 80 டிகிரியைத் தாண்டும். குளிர்நாட்டில் எழுதிய கட்டுமானக் கையேட்டில் நன்றாக வேலை செய்ததாகச் சொல்லும் பசையும் பிளாஸ்டிக்கும் இங்கே தொங்கிப்போவது இதனால்தான்.

சோதிக்க வழி எளிது. அடுக்கில் 10 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத் துண்டு வெட்டி, 25 செ.மீ. இடைவெளியில் இரண்டு கட்டைமேல் வைத்து, நடுவில் அரைக் கிலோ மணல் பை ஒன்றை வையுங்கள். அப்படியே வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டுமேல், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, காலை 11 முதல் மாலை 4 வரை ஒரு வாரம் விடுங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். பையை எடுத்தபின்னும் துண்டு 2 மி.மீ.க்கு மேல் குழிந்தே நின்றால், ஓரத்தில் துணி பசை விட்டுக் கிளம்பினால், அந்த அடுக்கு வேண்டாம்.

நெருப்புச் சோதனையை நாமே செய்ய முடியுமா?

முடியும். பெரிய பயணி விமானங்களுக்கான அமெரிக்க விதியில் (ஃபார் 25.853) உள்ள 12 வினாடிச் சோதனையை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் செய்வது சான்றிதழ் ஆகாது. ஆனால் நல்ல அடுக்கையும் கெட்ட அடுக்கையும் பிரித்துக் காட்டிவிடும்.

அடுக்கில் 75 மி.மீ.க்கு 305 மி.மீ. துண்டுகள் மூன்று வெட்டி, ஒரு நாள் அறைக்குள் உலர வையுங்கள். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பன்சன் பர்னர் வேண்டும். மெழுகுவர்த்தியில் சூடு போதாது. சுடர் உயரம் 38 மி.மீ. இருக்கும்படி திருப்புங்கள். துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அதன் கீழ் விளிம்பு பர்னர் வாயிலிருந்து 19 மி.மீ. மேலே நிற்கும்படி வைத்து, கீழ் விளிம்பின் நடுவில் 12 வினாடி சுடரைக் காட்டி எடுத்துவிடுங்கள்.

சுடரை எடுத்தபின் 15 வினாடிக்குள் அணைய வேண்டும். எரிந்த நீளம் 203 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. சொட்டு விழுந்தால் அது கீழே 5 வினாடிக்குமேல் எரியக் கூடாது. மூன்று துண்டின் சராசரியை எடுங்கள்.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் காற்றால். ஆடிக் காற்றில் ராதாபுரம், பணகுடி பக்கம் வெளியில் வைத்துச் செய்தால் சுடர் சாய்ந்து, எரியும் துண்டுகூட அணைந்து தேறிவிட்டதாகக் காட்டும். மூன்று பக்கமும் தகரம் வைத்து மறைத்து, முன்பக்கம் திறந்த ஷெட்டில் செய்யுங்கள். புகையை முகரக் கூடாது. ஒரு வாளி மணலும் தீயணைப்பானும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். துணி போர்த்திய பக்கத்தைக் காட்டி ஒரு தரம், வெட்டிய ஓரம் மூடாமல் ஒரு தரம் என்று இரண்டு விதமாகவும் பாருங்கள். ஃபோம் வைத்த பேனல் பல நேரம் ஓரத்தில்தான் பற்றும்.

அலுமினியத்தில் எந்த ரகம்?

பளு தாங்காத பேனலுக்கு 5052-எச்32, 0.5 மி.மீ. போதும். சுலபமாக வளையும், உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும். உவரி, திருச்செந்தூர் பக்கம் ஷெட் இருப்பவர்கள் இதையே எடுக்கலாம். 2024-டி3 பலமானது, ஆனால் உப்புக் காற்றில் மேல்பூச்சு இல்லாமல் விட்டால் வெள்ளை பூத்துவிடும். கூர்மையாக மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும், 0.5 மி.மீ. தகட்டுக்கு மடிப்பின் உள் வளைவு ஆரம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

தட்டையான பெரிய அலுமினியப் பேனல் என்ஜின் ஓடும்போது தகர டின் போல அடிக்கும். குறுக்கே ஒரு சின்ன வரிமடிப்பு கொடுத்தால் நின்றுவிடும்.

ஃபைபர் படகு செய்கிற இடத்தில் கொடுத்துப் பேனல் வார்க்கலாமா?

கை வேலை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பொருள்தான் மாற வேண்டும். படகுக்குப் போடுவது சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள நறுக்கிய இழை மேட்டும் பாலியெஸ்டர் பிசினும். அந்த மேட் தன் எடையைப் போல இரண்டு மடங்குக்குமேல் பிசின் குடிக்கும். ஒரே அடுக்கு 1.4 கிலோவுக்கு வந்துவிடும், அப்போதும் விறைப்பு போதாது. நெய்த கண்ணாடி இழைத் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம், எபாக்ஸி பிசினோடு கேளுங்கள். பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலை இறகு பழுது பார்க்கிறவர்களுக்கு இந்தத் துணியும், காற்றை உறிஞ்சி அழுத்தும் வேக்குவம் பையும் பழகிய பொருள்.

நீங்களே செய்வதானால்: தடித்த கண்ணாடிப் பலகையில் மெழுகு தேய்த்து மூன்று தரம் துடையுங்கள். எபாக்ஸியை அளவுக் கரண்டியில் அளக்காமல் தராசில் நிறுங்கள். நம்மிடம் பரவலாகக் கிடைக்கும் எல்.ஒய். 556 பிசினுக்கு எச்.ஒய். 951 கெட்டிப்படுத்தி 100 கிராமுக்கு 10 கிராம். ஒரு தரத்துக்கு 100, 150 கிராமுக்குமேல் கலக்காதீர்கள். மே மாத வெக்கையில் கிண்ணத்தில் மொத்தமாகக் கிடக்கும் பிசின் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகிவிடும். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பினால் நேரம் கிடைக்கும். விடியற்காலையில் செய்தால் இன்னும் நல்லது.

துணி ஒன்று, 3 மி.மீ. பி.வி.சி. ஃபோம் (முன்னே வேண்டாமென்ற போர்டு ஷீட் அல்ல, கன மீட்டருக்கு 80 கிலோ உள்ள லேசான ரகம்), மேலே துணி ஒன்று. துணியின் எடைக்குச் சமமான பிசின், அதோடு ஃபோமின் துளை குடிக்கக் கொஞ்சம். துணியின் நெசவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேலே பளபளவென்று தேங்கி நின்றால் அது வீண் எடை. திருகு வரும் இடத்தில் 25 மி.மீ. வட்டத்துக்கு ஃபோமைச் சுரண்டி எடுத்து, பிசினில் குழைத்த பஞ்சு இழையை நிரப்புங்கள். செய்யாவிட்டால் திருகை இறுக்கும்போதே ஃபோம் நசுங்கிக் குழி விழும்.

பலரும் விட்டுவிடும் வேலை அடுத்தது. அறைச் சூட்டில் இறுகிய எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். பேனலைத் தட்டையான பலகையில் கட்டிவைத்தபடியே, பல்பு போட்ட பெட்டிக்குள் 60 டிகிரியில் எட்டு மணி நேரம் வேகவிடுங்கள். கட்டாமல் வேகவைத்தால் பேனல் அப்பளம் போல நெளிந்து, அந்த நெளிவோடேயே இறுகும்.

கார்பன் இழை?

இந்த வேலைக்குத் தேவையில்லை. அலுமினியத்தைத் தொட்டால் ஈரத்தில் அலுமினியத்தை அரித்துத் தின்னும், உள்ளே வைத்த ஆன்டெனாவை மறைக்கும், விலையும் அதிகம்.

பிளைவுட்?

லேசானது, வேலை செய்ய இனிமையானது. மரைன் பிளையைக் கனம் பார்க்காமல் வாங்காதீர்கள். பெரும்பாலும் 4 மி.மீ.யில் தொடங்கும். பிர்ச் 1.5 மி.மீ.யே சரியானது. ஓரங்களையும் பின்பக்கத்தையும் வார்னிஷால் அடைக்காவிட்டால் ஐப்பசி அடைமழையில் உப்பி, தை வெயிலில் பிரியும். மண் தரை ஷெட்டில் கரையானையும் கணக்கில் எடுங்கள்.

ரெக்ஸின், பஞ்சு, பசை பற்றிச் சொல்லுங்கள்.

நல்ல அடுக்கைக் கெடுப்பது இந்த மூன்றும்தான். கார் சீட் கடையில் கிடைக்கும் ரெக்ஸின் பல நேரம் சதுர மீட்டருக்கு அரைக் கிலோவுக்குமேல் இருக்கும். அதாவது 4 சதுர மீட்டருக்கு 2 கிலோ, தகடு தனி. அதன் கீழே வைக்கும் சாதாரண மெத்தைப் பஞ்சு பாலியூரித்தேன். நொடியில் பற்றும், புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். பக்கச் சுவருக்கு மெத்தை எதற்கு? பஞ்சை விட்டுவிடுங்கள். துணி வேண்டுமென்றால் கம்பளித் துணி நல்லது: தானாக அணையும், உருகிச் சொட்டாது.

செருப்புக்கும் ரெக்ஸினுக்கும் ஒட்டும் ரப்பர் பசை 70 டிகிரிக்குப் பக்கத்தில் பிடியை விடும். அதில் உள்ள கரைப்பான் ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் இரண்டையும் தின்னும், தெர்மோகோலைக் கரைத்தே விடும். இரு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்தபின் ஒட்ட வேண்டும். ஈரத்தோடு மூடினால் கரைப்பான் உள்ளேயே தங்கி, முதல் வெயிலில் கொப்புளம் கிளம்பும். முடிந்த இடத்தில் துணியைத் தகட்டின் பின்பக்கம் மடித்துத் தைத்துவிடுங்கள். தையல் வெயிலுக்கு இளகாது.

பத்தமடைப் பாய நெய்து உள்பக்கம் பதிக்கலாம்னு ஆசையா இருக்கு அண்ணாச்சி, சரி வருமா?

சின்ன அளவில் வரும். கோரை என்பது புல். காய்ந்த புல் எரியும் வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 2 லிட்டர் வெந்நீரில் 200 கிராம் போராக்ஸ், 85 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பாயை நன்றாக முக்கி எடுத்து நிழலில் உலர்த்தினால் சுடர் பரவுவது குறையும். சாயம் ஓடுகிறதா என்று முதலில் ஒரு மூலையில் பாருங்கள். அந்த உப்பு தண்ணீரில் கழுவிப் போய்விடும். பாய் ஒரு தரம் நனைந்தால் மறுபடி முக்க வேண்டும். முக்கிய பாயில் துண்டு வெட்டி 12 வினாடிச் சோதனையையும் கட்டாயம் செய்யுங்கள்.

கதவுப் பேனலில் 30 செ.மீ. சதுரம், மெல்லிய நெசவு, அலுமினியத் தகட்டின் மேல் சுற்றிலும் தைத்துக் கழற்றும்படி வைத்தால் அழகாக இருக்கும். சுவிட்ச் பலகை, பேட்டரி வயர், எரிபொருள் குழாய் பக்கம் வேண்டாம். வளைவில் வைத்தால் கோரை முறியும்.

தரைக்குக் கார்ப்பெட் ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள். மழையில் நனைந்த செருப்பின் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் தங்கி, மேலே ஒன்றும் தெரியாமல் தகட்டை அரிக்கும். துண்டு துண்டாக வெட்டி, எடுத்து உதறும்படி போடுங்கள். ரட்டர் (வாலில் உள்ள சுக்கான்) பெடலுக்குக் கீழே கார்ப்பெட்டே வேண்டாம்; ஓரம் சுருண்டால் பெடல் மாட்டும்.

பேனலை எப்படி மாட்டுவது?

கழற்றும் எண்ணத்தோடு. பேனலுக்குப் பின்னால் கேபிளும் வயரும் குழாயும் இருக்கின்றன. அவற்றை வருடாவருடம் பார்க்க வேண்டும். நாற்பது திருகு போட்ட பேனலைக் கழற்றச் சலித்துப்போய், பார்க்காமலே விடுவது நடக்கும். 4 மி.மீ. திருகு, 150 மி.மீ.க்கு ஒன்று, பின்னால் நட்பிளேட் அல்லது ரிவெட் நட் (தகட்டிலேயே பதிந்து நிற்கும் நட்). முனை கூரான தகரத் திருகு வேண்டாம். அதன் முனை நாள்பட வயரின் உறையைக் குத்தும்.

பிளாஸ்டிக் பேனலில் துளையைத் திருகின் அளவுக்கே போட்டால் நெளியும். 1 மீட்டர் ஏ.பி.எஸ். ஷீட், 50 டிகிரி சூடு ஏறும்போது கீழே உள்ள அலுமினியத்தைவிடச் சுமார் 3 மி.மீ. கூடுதலாக நீளும். நடுத் துளையை மட்டும் சரியான அளவில் போட்டு, ஓரத் துளைகளை 7 மி.மீ. நீளக் காடியாக அறுத்து, 12 மி.மீ. வாஷர் வைத்து, வாஷர் நகரும் அளவுக்கே இறுக்குங்கள்.

காந்தப் பிடிப்பு திசைகாட்டியை இழுக்கும். அதன் பக்கத்தில் சாதாரண இரும்புத் திருகும் கூடாது, பித்தளை போடுங்கள். மாட்டி முடித்ததும் ஒருவர் முழங்காலால் பேனலை அழுத்த, இன்னொருவர் விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கையும் ரட்டரையும் எல்லை வரை ஆட்டிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது உரசினால் பேனலை வெட்டுங்கள்.

ஃபயர்வாலின் உள்பக்கமும் பேனல் போடலாமா?

வேண்டாம். என்ஜினுக்கும் அறைக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரான ஃபயர்வாலின் வேலை என்ஜின் பக்கத் தீயைத் தடுப்பது. 0.4 மி.மீ. ஸ்டெயின்லஸ் தகடு தீயைத் தடுத்தாலும் சூட்டைக் கடத்தும். உள்பக்கம் ஒட்டிய பஞ்சும் பசையும் அந்தச் சூட்டிலேயே உங்கள் காலடியில் புகையும். சூடு தடுக்க வேண்டுமானால் என்ஜின் பக்கம் செராமிக் இழை வைத்து, மேலே மெல்லிய ஸ்டெயின்லஸ் தகட்டால் மூடுங்கள்.

என்ன நிறம்?

முன் கண்ணாடிக்குக் கீழே மட்டும் மங்கலான கறுப்பு. இல்லாவிட்டால் அதன் பிம்பம் கண்ணாடியில் விழுந்து வெளியே பார்ப்பதை மறைக்கும். அந்த இடம்தான் மிக அதிகமாகச் சுடும், ஆகையால் அங்கே அலுமினியம் அல்லது வேகவைத்த கண்ணாடி இழை. மற்ற இடத்துக்கு இளஞ்சாம்பல். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண் வெள்ளைப் பேனலில் ஒரே வாரத்தில் செம்மை ஏற்றிவிடும்.

பேனல் போட்டால் சத்தம் குறையுமா?

அதிகம் குறையாது. கதவு இடுக்கை அடையுங்கள், நல்ல ஹெட்செட் வாங்குங்கள்.

டி.ஜி.சி.ஏ.வுக்கு (இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம்) இதில் எதைக் காட்ட வேண்டும்?

பதிவும் பறக்கும் அனுமதியும் அவர்கள் கையில். கட்டத் தொடங்கும் முன்பே அவர்களிடம் பேசி, என்ன கோப்பு வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் பொருளின் பில், ஒவ்வொரு பேனலின் எடை, சோதனைத் துண்டின் படம் ஆகியவற்றை வைத்திருங்கள். எரித்த துண்டையும் எரிக்காத துண்டையும் தேதி எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள்.

பேனலே போடாமல் விட்டுவிடலாமா?

தாராளமாக. வெறும் தகடும் பிரைமரும் தெரியப் பறக்கிற விமானங்கள் ஏராளம். எல்லாம் கண்ணெதிரே இருப்பதால் பார்ப்பதும் சுலபம். ஓர் இடத்தில் மட்டும் விட முடியாது: சாமான் வைக்கும் இடத்துக்கும் கட்டுப்பாட்டுக் கேபிளுக்கும் நடுவே. பையின் வார் ஒன்று போய்க் கேபிள் கப்பியில் சிக்கினால் ஸ்டிக் அசையாது. அங்கே 0.8 மி.மீ. அலுமினியம், சுற்றிலும் 100 மி.மீ.க்கு ஒரு திருகு, விரல் நுழையும் இடுக்கு எங்கும் இல்லாமல் அடையுங்கள்.